வாலாஜாபாத்து, திருப்புட்குழி: எங்க ஊர்ல கோச்சுங்க ஏன் நிக்கிறதில்லன்னு கேக்கப் போன கத

இந்த சித்திர கடைசில ஒரு ஞாயித்துக்கெழம, உத்திரமேரூர்லேந்து வாலாஜாபாத்து, அங்கேந்து காஞ்சிபுரம், அங்கேந்து திருப்புட்குழி, அப்பால ஊருன்னு ஒரே நாள்ல சுத்திட்டு வந்தோம். கோயிலுக்குப் போனாங்கன்னு நெனச்சிடாதீங்க. கோயிலும் பாத்தோம், அது வழில கீது. நாங்க போனது ஒரு ஃபுட்பால் கோச்ச பாக்க. நான் ரெண்டாங்கிளாஸோட நின்னவ. போன்ல பேசினா அதுவே எழுத்தா வந்துடுது, அதனால நான் பேசற மாதிரியேதான் இருக்கும். பேருங்கள மட்டும் மாத்திகீறேன்.

எனக்கும் ஃபுட்பாலுக்கும் இன்னா சம்மந்தம்னு கேப்பீங்க. எங்க ஊரு காலேஜு கிரவுண்டு ஓரத்துலதான் நான் மாடு மேய்ப்பேன். ரெண்டு மாடு. அதுல செவல மாடு இன்னா பண்ணும்னா, எப்பப் பாத்தாலும் கோலு கம்பத்தாண்ட போயி நின்னுக்கும். பசங்க "அக்கா, உன் மாடு ஆஃப்சைடு, உன் மாடு ஆஃப்சைடு"ன்னு கத்துவானுங்க. ஆஃப்சைடுன்னா இன்னாடான்னு கேட்டா, பந்து வர்றதுக்கு முன்னயே கோலாண்ட போயி நின்னுக்கறதாம்; அதக் கேக்கப் போயி, ஆட்டம் மொத்தமும் கத்துக்கினேன். மாட்டுக்கும் அதே பேரு நின்னுடுச்சு. இப்ப ஆஃப்சைடு ஒரு வேளைக்கு நாலு லிட்டரு கறக்குது.

சாயந்தரமானா காம்பவுண்டு செவுத்து மேல நாங்க ஒரு கூட்டம் ஒக்காந்துப்போம். காலேஜு கேட்டாண்ட கூல்ட்ரிங்ஸு கட வெச்சிகீற பஷீர் பாய், மானாம்பதிலேந்து டிராக்டரு ஓட்டிக்கினு வர்ற ஏழுமல, நான், இன்னும் நாலஞ்சு பேரு. எங்களுக்கு டீமுதான் பேச்சு. மூணு வருசமா ஒரே பேச்சுதான்: அடுத்த கோச்சு யாரு? ஏன்னா மூணு கோச்சு வந்தாங்க, மூணு பேரும் நிக்கல. மொதல்ல டேனியல் மாஸ்டர். அவரு காலத்துலதான் டீமு கப்பு வாங்கிச்சு. அப்பால திண்டிவனத்து ஆளு ஒருத்தரு. அப்பால சின்ன வயசு தம்பி ஒருத்தரு, அவரு பேரு வாயில நிக்கிறதுக்குள்ளயே போயிட்டாரு.

இப்ப இன்டர்வியூக்கு ரெண்டு பேரு. ஒருத்தரு சென்னைக்காரரு. இன்னொருத்தங்க வாலாஜாபாத்து சுமதி மேடம், அங்க ஒரு தனியாரு ஸ்கூல்ல டெம்பரவரி பி.டி. டீச்சரு.

"சென்னைக்காரரு பேங்கு டீமுல ஆடுனவரு, தெரியுமா?" இது பஷீர் பாய். "நம்ம கடைல சோடா குடிச்சிக்கினே, ஆளுங்கள நாலு நாலு ரெண்டுன்னு நிறுத்தணும்னு சொன்னாரு பாரு, அசந்துட்டேன்."

"அது இன்னா பாய், பஸ்ஸு நம்பரா?"ன்னேன் நான்.

"உன் மாட்டுக்குத் தெரியும் தனம், உனக்குத் தெரியாது."

ஏழுமல வுடமாட்டான். "சுமதி மேடம் வெறும் ஸ்கூலு பசங்கள இட்டாந்து நம்ம காலேஜு டீம தண்ணி குடிக்க வெச்சாங்களே, மறந்துட்டியா பாய்?"

"அதெல்லாம் சரிதான் நைனா. பொம்பள சொன்னா நம்ம பசங்க கேப்பானுங்களா?"

"நீ வூட்ல கேக்கறல்ல?"

இப்பிடியே தெனம் வெளக்கு போடற வரைக்கும். ஒரு நாளு, எங்க ஊரு கல்வெட்டுல இருக்கற மாதிரி கொடத்துல ஓல போட்டு எடுக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். கொடம் யாரு வூட்டுதுன்னே சண்ட வந்துடுச்சு, வுட்டுட்டோம். நாங்க இன்னா முடிவு பண்ணாலும், ஆள எடுக்கறது காலேஜு கரஸ்பாண்டென்ட்டுதான். அவர நாங்க கரஸ்ஸுன்னுவோம். ஆனா புதங்கெழம இன்டர்வியூவாச்சே, அதுக்குள்ள சுமதி மேடத்த நேர்ல பாத்துடலாம்னு நான் சொன்னேன். பாய் "வரேன், தப்பு கண்டுபுடிக்கத்தான் வரேன்"னாரு. ஏழுமலைக்கு அறுப்பு மிஷினு வேல. "நீங்க போயி பாருங்க, நான் இங்க ஒரு வேல பண்றேன்"ன்னு சிரிச்சிக்கினே சொன்னான். அந்தச் சிரிப்ப நான் அன்னிக்கு கவனிக்கல.

காலைல ஆறரைக்கு உத்திரமேரூரு பஸ் ஸ்டாண்டு. வாலாஜாபாத்து சுமாரு இருவது கிலோமீட்டரு, முக்கா மணி நேரத்துல எறக்கி வுட்டான். டவுன் பஸ்ஸா பாத்து ஏறுங்க, பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. எனக்கு டிக்கெட்டு சும்மா, பாய்க்கு பதினெட்டு ரூபா. "உனக்கு சும்மான்றதாலதான் ஊரு ஊரா கோச்சு பாக்கக் கெளம்பிட்ட"ன்னு மொணகிக்கினே வந்தாரு. பஸ் ஸ்டாண்டாண்ட நாஷ்டா. நாலு இட்லி, ஒரு வட, ஒரு டீ, ஆளுக்கு அம்பது ரூபா. வடகறி நல்லா கீது, கேட்டு வாங்குங்க. எட்டு மணிக்கு மேல தீந்துடுது.

மேடம் வூட்டுக்குப் போனா, அவங்க வூட்டுக்காரருதான் இருந்தாரு. ரைஸ்மில்லுல மூட்ட தூக்கி முதுகு புடிச்சிக்கினு, இப்ப வூட்டோட கீறாரு. "ஆத்துல பாருங்க"ன்னாரு. பாலாத்துல அந்த மாசத்துல தண்ணி ஏது? கண்ணு போற வரைக்கும் மணலு. அதுல கோடு கிழிச்சி, ஒரு முப்பது பசங்கள வெச்சிக்கினு மேடம் ஓட வுட்டுக்கினு இருந்தாங்க. மணல்ல ஓடிப் பழகுனா தரைல பறக்கலாமாம். நான் கிட்டப் போயி, உத்திரமேரூர்லேந்து வரோம், டீமு ஆளுங்கன்னு சொன்னேன்.

பாய் சும்மா இல்லாம நேராவே கேட்டாரு. "மேடம், தப்பா நெனைக்காதீங்க. காலேஜு பசங்க பொம்பள பேச்ச கேப்பானுங்களா?"

மேடம் அவரு மூஞ்சிய பாக்கல, கால பாத்தாங்க. "பாய், கோட்டுக்குள்ள நிக்கிறீங்க. செருப்ப கழட்டி ஓரமா வெய்யிங்க."

பாய் கழட்டி, ரெண்டையும் ஜோடி சேத்து ஓரமா வெச்சிட்டு வந்து நின்னாரு. அதுக்கப்பறம்தான் அவருக்கே தெரிஞ்சிச்சு, தான் இன்னா பண்ணோம்னு. நான் மூஞ்சிய துணில மூடிக்கினு சிரிச்சேன். மேடம் சிரிக்கவே இல்ல. "வேற இன்னா கேக்கணும் பாய்?"னாங்க.

அப்பால பசங்கள தண்ணி குடிக்க வுட்டுட்டு வந்து எங்களாண்ட ஒக்காந்தாங்க. "அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லுங்க. உங்க ஊர்ல கோச்சு ஏன் நிக்கிறதில்ல? மூணு பேரு போயிட்டாங்கன்றாங்க. சம்பளமா? பசங்களா? இன்னான்னே யாருக்கும் தெரியல. எங்க ஸ்கூல்ல அடுத்த வருசம் இருக்கியா இல்லியான்னு நாளைக்குள்ள சொல்லச் சொல்லிட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டு, காலேஜுலயும் கெடைக்கலன்னாலோ, கெடச்சி மூணு மாசத்துல தொரத்திட்டாலோ, இந்த வூட்ல ஒல வைக்கறது யாரு?"

செவுத்து மேல ஒக்காந்து எல்லாத்தையும் பேசனோம், இத மட்டும் பேசல பாருங்க. ஒருத்தரு போனா அடுத்தது யாருன்னுதான் பாத்தோமே தவிர, போனவரு ஏன் போனாருன்னு ஒருத்தரும் கேக்கல. "டேனியல் மாஸ்டர் திருப்புட்குழிலதான் குடி கீறாரு, கேட்டுட்டு சாயந்தரம் போன் பண்றேன்"ன்னு சொல்லிட்டு கெளம்பினேன். அந்தக் கேள்வி எனக்கும் உள்ள பூந்து கொடைய ஆரம்பிச்சிடுச்சு.

வாலாஜாபாத்துலேந்து காஞ்சிபுரம் பதினஞ்சு கிலோமீட்டரு கிட்ட. காஞ்சிபுரத்துல எறங்கி வேலூரு ரோட்ல போற பஸ்ஸா கேட்டு ஏறணும். பாலுசெட்டி சத்திரத்துல எறங்கினா, அங்கேந்து கோயிலு நடக்கற தூரந்தான். ஆனா பகல்ல போனா ஷேர் ஆட்டோ புடிச்சிடுங்க. நாங்க பதினோரு மணி வெயில்ல நடந்து, பாய் ரெண்டு எடத்துல நின்னு "கோச்சு இல்லாமயே ஆடட்டும் தனம், திரும்பிடலாம்"னாரு.

திருப்புட்குழி விஜயராகவ பெருமாள் கோயிலு பன்னெண்டு மணிக்கெல்லாம் நட சாத்திடுவாங்க, அதுக்கு முன்ன போயிடணும். ராமரு ஜடாயுவுக்கு காரியம் பண்ண எடம் இதுதானாம். புள்ளுன்னா பறவ, அதப் பொதச்ச குழி, அதான் புட்குழி. இன்னொண்ணு, கொழந்த இல்லாத பொம்பளைங்க இங்க வறுத்த பயற ஊற வெச்சி மடில கட்டிக்கினு படுப்பாங்க. காலைல அது மொளச்சிருந்தா கொழந்த பொறக்கும்ன்றது நம்பிக்க. வறுத்த பயறு எப்பிடி மொளைக்கும்னு நான் அங்க ஒரு அம்மாவ கேட்டேன். "மொளைக்கும்னுதானே கட்டறோம்"னாங்க. பாய் கொளத்தங்கரைல நெழல் பாத்து ஒக்காந்துக்கினாரு.

டேனியல் மாஸ்டரு கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி குடி கீறாரு. இப்ப பக்கத்துல ஒரு கம்பெனி டீமுக்கு சொல்லித் தராரு. எங்கள பாத்ததும் "அடடா, தனம்மா, ஆஃப்சைடு சௌக்கியமா?"ன்னுதான் மொதல்ல கேட்டாரு. மோரு குடுத்தாரு. நான் சுத்தி வளைக்காம கேட்டுட்டேன்: "மாஸ்டர், நீங்க ஏன் போனீங்க?"

அவரு பாய பாத்தாரு, என்ன பாத்தாரு. "நெசமாவே தெரியாதா? பேனருதாம்மா."

"எந்த பேனரு?"

"கப்பு வாங்கினப்ப பஸ் ஸ்டாண்டுல வெச்சீங்களே."

எப்பேர்ப்பட்ட பேனரு அது! பாஞ்சடி ஒசரம். மாஸ்டரு கைய கட்டிக்கினு நிப்பாரு, பின்னால ஒரு சிங்கம் வாயத் தொறந்துக்கினு இருக்கும். 'எங்கள் தலைவா'ன்னு எழுத்து. கீழ வரிசைல எங்க மூஞ்சிங்க எல்லாம். என் போட்டோ தனியா இல்லாததால, ஆஃப்சைடு கூட நிக்கிறத போட்டாங்க. அத பாக்கவே நான் நாலு தடவ பஸ் ஸ்டாண்டு போயிருப்பேன்.

"அதுல கரஸ்ஸு போட்டோ எங்க இருந்துச்சு, சொல்லு பாக்கலாம்"னாரு மாஸ்டரு.

பாய் யோசிச்சாரு. "கீழ ஓரத்துல... ஸ்டாம்பு சைஸுல."

"அந்த ஸ்டாம்பு மேலதான் ஒருத்தன் பிரியாணிக் கட நோட்டீஸ ஒட்டிட்டான். மறுநாளு கரஸ்ஸு கூப்பிட்டு சிரிச்சிக்கினே கேட்டாரு, 'இன்னா தலைவா, எந்தத் தொகுதில நிக்கிறீங்க?' அவ்ளோதான். ஒரு வார்த்த திட்டல. அடுத்த வாரம் கிரவுண்டுல பாதி கார் பார்க்கிங்கு. அப்பால பிராக்டீஸு நேரத்துல ஆபீஸு வேல. தானா கெளம்பிட்டேன். எனக்கப்பறம் வந்தவங்களுக்கும் 'வருக வருக'ன்னு வெச்சீங்கல்ல? அவங்களும் எனக்கு போன் பண்ணி இதத்தான் சொன்னாங்க. ஆசையாதான் வெக்கிறீங்க, அதனாலதான் வாயத் தொறந்து சொல்ல முடியல."

மூணு வருசமா அடுத்தது யாரு, அடுத்தது யாருன்னு பேசிக்கினு கீறோம், அனுப்பனது நாங்கதான்.

"சரி, சுமதி மேடம் எப்பிடி?"ன்னு பாய் கேட்டாரு. மாஸ்டரு சொன்னாரு: "ரெண்டு பேரயும் எனக்குத் தெரியும் பாய். சென்னைக்காரரு நல்லா பேசுவாரு. சுமதிக்கு ஆட வெக்கத் தெரியும். உங்க டீமுக்கு பேச்சு வேணுமா, ஆட்டம் வேணுமா?"

அந்த நேரம் பாத்து பாயோட போன்ல டிங்குன்னுச்சு. ஏழுமல வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பிகீறான். தொறந்தா, மேல 'வருங்கால தலைமை கோச்', நடுவுல சுமதி மேடம் மூஞ்சி, பின்னால அதே சிங்கம், கீழ 'வருக! வருக!', அதுக்குக் கீழ எங்க மூஞ்சிங்க, ஆஃப்சைடோட. கூட அவன் கொரலு: "பாய், பிரிண்டாயிட்டு கீது. அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல கட்றோம். சாயந்தரம் கரஸ்ஸு ஒரு ரிசப்ஷனுக்கு அந்த வழியாத்தான் வராரு. அசந்துடுவாரு!"

இன்டர்வியூவுக்கே இன்னும் மூணு நாளு கீது. இத கரஸ்ஸு பாத்தா அந்தம்மா கத முடிஞ்சிது. மாஸ்டரு தலைல கை வெச்சிக்கினாரு. ஏழுமலைக்கு போன் போட்டோம். அவன் மிஷினு சத்தத்துல எடுக்கல. மறுபடி போட்டா, சுவிட்ச் ஆஃபு. செவுத்துக் கூட்டத்துல மத்தவனுங்களுக்குப் போட்டா, ஒருத்தனும் எடுக்கல.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல உத்திரமேரூரு பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் நின்னோம். ஞாயித்துக்கெழமைல மத்தியானம் பஸ்ஸு கொறச்சல், மனசுல வெச்சிக்கோங்க. மூணே முக்காலுக்குத்தான் கெடச்சிச்சு. அது டவுன் பஸ்ஸு இல்ல, எனக்கும் டிக்கெட்டு, ஆளுக்கு இருவத்தஞ்சு ரூபா. முப்பது கிலோமீட்டருக்கு ஒவ்வொரு ஆலமரத்தாண்டயும் நிறுத்தறான்.

பாய் ஜன்னலு பக்கம் மூஞ்சிய திருப்பிக்கினு வந்தாரு. எனக்கு அவரு இன்னா நெனைக்கிறாருன்னு தெரிஞ்சிச்சு. பாதி வழில அவரே சொன்னாரு: "தனம், நாம லேட்டா போனா யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஆமா பாய்."

"சென்னைக்காரரு வந்துடுவாரு."

"ஆமா. அவருக்கும் ஒரு பேனரு வெக்கலாம்."

பஸ்ஸு கொஞ்ச தூரம் போச்சு. அப்பால தன் கால குனிஞ்சி பாத்துக்கினு, "கழட்டுன்னாங்க, கழட்டிட்டேனே தனம். எங்க வூட்ல சொன்னாகூட ரெண்டு தடவ சொல்லணும்"னாரு. எழுந்து டிரைவராண்ட போனாரு. "அண்ணே, கொஞ்சம் அமுக்கு."

டிரைவரு திரும்பாமயே, "இன்னா பாய், வூட்ல பிரசவமா?"

"அத வுட பேஜாரு. போ."

அஞ்சேகால் ஆயிடுச்சு எறங்கறதுக்குள்ள. ரெண்டு லைட்டு கம்பத்துக்கு நடுவுல பேனரு நிக்குது. கம்பத்தாண்ட டிராக்டரு, ஏழுமல அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கினு கீறான். பாய் நேரா அங்க போனாரு. செருப்ப கழட்டி ஓரமா வெச்சாரு, டிராக்டரு மேல ஏறினாரு, மடில எப்பவும் சொருகி வெச்சிகீற எலுமிச்சம்பழக் கத்திய எடுத்து மேல் கயித்த அறுத்தாரு.

"யோவ் பாய்! சென்னைக்காரனுக்கோசரம் எங்க மேடத்த கிழிக்கிறியா?" ஏழுமல பாய்ஞ்சி அவரு லுங்கிய புடிச்சிட்டான். கூட்டம் கூடிடுச்சு. ஒரு கைல கத்தி, ஒரு கைல லுங்கி, அவரால எதையும் வுட முடியல. நான்தான் நடுவுல பூந்து கத்தனேன்: "டேய், டேனியல் மாஸ்டர் வேல போனதே இந்த பேனராலதாண்டா! கரஸ்ஸு மூஞ்சி இதுல எங்க கீது, காட்டு!"

ஏழுமல லுங்கிய வுட்டான். பேனர மேலேந்து கீழ பாத்தான். "போடவே இல்லியே அக்கா"ன்னான். மூஞ்சி சுண்டிடுச்சு அவனுக்கு. "மறந்துட்டேன்."

"அப்ப சுருட்டு!"ன்னேன் நான்.

ரெண்டு பேரும் கழட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி மேலேந்து சுருட்டிக்கினே வந்தாங்க. வருங்கால போச்சு, மேடம் நெத்தி போச்சு, சிங்கம் போச்சு, மேடம் தாடையும் உள்ள போச்சு. அப்ப திரும்பிச்சு வெள்ள காரு. கரஸ்ஸு. மூணு பேரும் செல மாதிரி நின்னுட்டோம். சுருளுக்கு கீழ மிச்சம் இருந்தது ஒரு மொழம், 'வருக! வருக!', அதுக்குக் கீழ எங்க மூஞ்சிங்க. அத அவங்க ரெண்டு பேரும் நெஞ்சுக்கு நேரா புடிச்சிக்கினு நிக்கிறாங்க, நடுவுல நான்.

காரு மெதுவா ஆச்சு. கண்ணாடி எறங்கிச்சு. கரஸ்ஸு 'வருக வருக'வ படிச்சாரு, எங்கள பாத்தாரு, வாயெல்லாம் பல்லா ரெண்டு கையும் தூக்கி கும்பிட்டாரு. நாங்களும் கும்பிட்டோம். ஏழுமலயும் பாயும் பேனர வுட முடியாம தலையால கும்பிட்டாங்க. காரு போயிடுச்சு.

அன்னிக்கு சாயந்தரமே சுமதி மேடத்துக்கு போன் போட்டு ஒண்ணு வுடாம சொன்னேன். பேனரு, சிங்கம், ஸ்டாம்பு சைஸு, எல்லாம். அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கினாங்க. அப்பால, "இனிமே வெப்பீங்களா?"ன்னாங்க. வைக்க மாட்டோம்னேன். "பாய் சொல்லட்டும்"னாங்க. பாய் போன வாங்கி, "இல்ல மேடம்"ன்னாரு, எழுந்து நின்னுக்கினு. மறுநாளு அவங்க ஸ்கூல்ல இல்லன்னு சொல்லிட்டாங்க. புதங்கெழம இன்டர்வியூல அவங்கதான் செலக்டு. கரஸ்ஸு அவங்க ஆட்டத்த பாத்து எடுத்தாரா, நாங்க கும்பிட்டத பாத்து நல்ல மனசுல இருந்தாரான்னு எனக்குத் தெரியல. ஆனி மாசம் சேந்தாங்க, இப்ப வரைக்கும் கீறாங்க. நாங்க செவுத்து மேல ஒக்காந்து கைய கட்டிக்கினு பாக்கறோம். சால்வ கெடையாது, மால கெடையாது. பாய் மட்டும் பிராக்டீஸு முடிஞ்சா ஒரு சோடா குடுத்தனுப்புவாரு, அதுவும் பேரு சொல்லாம.

இந்த வழில நீங்க போறதா இருந்தா: காலைல மொத பஸ்ஸ புடிங்க, வாலாஜாபாத்துல வடகறி, பன்னெண்டுக்கு முன்ன திருப்புட்குழி, திரும்பறதுக்கு ரெண்டு மணிக்கெல்லாம் காஞ்சிபுரம் வந்துடுங்க. தண்ணி பாட்டிலு எடுத்துக்கோங்க. ரெண்டு பேருக்கு சாப்பாடு, பஸ்ஸு எல்லாம் சேத்து நானூறு ரூபாய்க்குள்ள ஆச்சு. ஒரு ஊர்ல யாராவது நிக்காம போயிக்கினே இருந்தா, அடுத்தது யாருன்னு கேக்கறதுக்கு முன்ன போனவர தேடிப் போயி ஒரு வார்த்த கேளுங்க. பஸ்ஸு ஏறிப் போற தூரந்தான் இருப்பாரு.

மறந்துட்டேன், அந்த பேனரு இன்னா ஆச்சுன்னு சொல்லல. நல்ல கெட்டியான பேனரு, தூக்கிப் போட மனசு வரல. ஏழுமல மானாம்பதிக்கு எடுத்துப் போயி ரோட்டோரத்துல நெல்லு காய வெக்க விரிச்சிக்கினான். போன மாசம் டீமு ஒரு மேட்ச் ஜெயிச்சதுக்கு அவன் வூட்ல எங்க எல்லாருக்கும் கறிசோறு. சுமதி மேடமும் வந்தாங்க. வண்டிலேந்து எறங்கினவங்க நெல்ல பாத்து நின்னுட்டாங்க. நடுவுல நெல்லு வெலகி, ஒரு கண்ணும், 'வருங்கால'ன்ற எழுத்தும் வெளிய தெரிஞ்சிக்கினு இருந்துச்சு. ஏழுமல பயத்துல முழிக்கிறான். பாய் வானத்த பாக்கறாரு.

மேடம் செருப்ப கழட்டி ஓரமா வெச்சாங்க. கால்ல நெல்ல தள்ளி அந்தக் கண்ண மூடினாங்க.

"நல்லா பரப்பி வெய்யி ஏழுமல. கரஸ்ஸு வண்டி இந்தப் பக்கமும் வரும்."